திறந்த முறிவும் அறுவை மருத்துவமும்

எலும்பு இரண்டு வகையாக முறியும். மேலே தோல் கெடாமல் உள்ளுக்குள்ளேயே முறிவது ஒன்று. முறிந்த முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதோ, வெளியிலிருந்து விழுந்த அடி தோலையும் தசையையும் பிளந்து எலும்புவரை செல்வதோ மற்றொன்று. முன்னதை மூடிய முறிவு என்றும், பின்னதைத் திறந்த முறிவு என்றும் மருத்துவர் கூறுவர். ஒரு விரற்கடைக் கிழிசல்தானே வேறுபாடு என்று நமக்குத் தோன்றும். ஆனால் அந்தக் கிழிசல் இருந்தால் காலை எடுத்துவிடுவதே வழி என்று தேர்ந்த மருத்துவர்களே நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. அது 160 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலந்தான்.

நான் மருத்துவம் பயில்பவன் அல்லன். நுண்ணுயிரியலில் முதுநிலை மாணவன். கத்தி பிடிப்பவர்களின் கலையைப் பற்றிக் கத்தி பிடிக்காதவன் எழுதலாமா என்று நண்பர்கள் கேட்கலாம். திறந்த முறிவின் கதையில் பாதிக்குமேல் நுண்ணுயிர்களின் கதை. ஆகையால் எனக்கும் அதில் சிறிது பங்குண்டு. மேலும், நான் வளர்ந்த தேவிகுளம் மலைப்பகுதியில் இது நூலில் மட்டும் படிக்கிற செய்தியன்று. கொழுந்து மூட்டையுடன் சரிவில் வழுக்குவதும், ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்பு கவிழ்வதும் அங்கே ஒவ்வொரு மழைக்காலத்திலும் கேட்கிற செய்திகள்.

முழங்காலுக்குக் கீழே உங்கள் காலின் முன்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் உடனே எலும்பு தட்டுப்படும். நடுவில் தசை இல்லை. கணைக்காலின் பெரிய எலும்புக்கு இயற்கை முன்பக்கத்தில் கவசம் வைக்கவில்லை. தசையெல்லாம் பின்னாலும் வெளிப்பக்கத்திலும் போய்விட்டது. நீண்ட எலும்புகளுள் திறந்த முறிவு அதிகமாக நேர்வது இவ்வெலும்பில்தான் என்பதற்கு இதுவே காரணம். இன்னொன்றும் உண்டு. எலும்பு கல்லன்று, குருதி குடித்து வாழும் உயிர்ப்பொருள். அதன் உட்பகுதிக்கு ஒரு தமனி உள்ளே நுழைந்து உணவூட்டுகிறது. மேற்பகுதிக்கு எலும்பைப் போர்த்திய சவ்வும் அதை ஒட்டிய தசைகளும் ஊட்டுகின்றன. எலும்பு முறியும்போது உள்தமனி அறுபடுகிறது. அதன்பின் முறிந்த முனைகள் பிழைப்பது சுற்றியிருக்கும் தசையின் தயவில். தசையும் நைந்து சவ்வும் உரிந்து போனால் அந்த எலும்புத் துண்டு பட்டினி கிடந்து சாகிறது. கணுக்காலை நெருங்க நெருங்கத் தசைகள் குறுகி வெறும் நாண்களாகிவிடுவதால், கணைக்காலின் கீழ்ப்பகுதியில் முறிந்த எலும்பு கூடுவதற்கு நெடுநாள் பிடிக்கிறது. எலும்பு முறிவைப் பற்றிப் பேசும்போது எலும்பைவிடத் தசையைப் பற்றி ஏன் அதிகம் பேச வேண்டியிருக்கிறது என்பது இதனால் விளங்கும்.

பழைய மருத்துவர்களுக்கு எலும்பை நேராக்கத் தெரியும். மூங்கிற்பத்தை வைத்துக் கட்டவும் தெரியும். திறந்த முறிவில் நாலைந்து நாளில் வரும் காய்ச்சலும் சீழும் அழுகலும் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் தெரியாது. பிரான்சு நாட்டு அறுவை மருத்துவர் அம்புரோவாசு பாரே 1561இல் குதிரை உதைத்துத் தம் காலையே திறந்த முறிவாக முறித்துக்கொண்டார். கால் போகாமல் பிழைத்தார். 1756இல் இலண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட்டுக்கும் அவ்வாறே நேர்ந்தது. அவர் வலியோடு சாலையில் கிடந்தபடியே ஒரு கதவை விலைக்கு வாங்கி, அதன்மேல் தம்மைக் கிடத்தித் தூக்கிப் போகச் செய்தார். காலை எடுக்கக் கருவிகள் ஆயத்தமாயிருந்தும் கால் தப்பியது. இருவரும் தப்பியது விதிவிலக்கு. அதனாலேயே வரலாற்றில் நின்றது. விதியை மாற்றியவர் ஜோசப் லிஸ்டர். 1865ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் கிளாஸ்கோ மருத்துவமனைக்கு 11 வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். வண்டிச் சக்கரம் ஏறிக் கணைக்கால் முறிந்திருந்தது, காயமும் இருந்தது. லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியால் காயத்தை மூடினார். சீழ் பிடிக்கவில்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடியது. நுண்ணுயிர்க் கொள்கை அறுவை மருத்துவத்துக்குள் முதன்முதல் நுழைந்த வாயில் ஒரு பையனின் முறிந்த கால் என்பதை எங்கள் துறை மாணவர்கள்கூடப் பலர் நினைப்பதில்லை.

ஆனால் மருந்து தோய்த்த துணி மட்டும் போதாது. காயத்துக்குள் இறந்த தசை கிடந்தால் எந்த மருந்தும் அதற்குள் செல்லாது. குருதி ஓட்டம் இல்லாத இடத்துக்கு மருந்தைச் சுமந்து செல்வது யார்? 1898இல் ஜெர்மானிய மருத்துவர் பிரீட்ரிக் என்பவர் கினிப்பன்றிகளின் காயங்களில் தோட்டத்து மண்ணையும் மாடிப்படித் தூசியையும் வைத்துப் பார்த்தார். ஆறு மணி நேரத்துக்குள் காயத்தின் விளிம்பை வெட்டி எடுத்த விலங்குகள் பிழைத்தன. அதன்பின் ‘ஆறு மணி நேரம்’ என்பது மருத்துவ நூல்களில் ஒரு மந்திரம்போல் வழங்கிவந்தது. பிற்கால ஆய்வுகள் இந்த மந்திரத்தைச் சற்றுத் தளர்த்தியுள்ளன. கத்தி வைக்கும் மணியைவிட முக்கியமானவை இரண்டு என்பது இன்றைய கொள்கை. எதிருயிர் மருந்தை இயன்றால் அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஊசியாகச் செலுத்திவிட வேண்டும் என்பது ஒன்று. காயத்தை வெட்டித் துப்புரவு செய்யும் வேலையை அரைகுறையாகச் செய்யக்கூடாது என்பது மற்றொன்று.

இந்தத் துப்புரவு வேலை வெளிப்பார்வைக்கு எளிது. உண்மையில் அறுவையின் கடினமான பகுதி இதுவே என்கின்றனர். எதை விடுவது, எதை எடுப்பது? தசையின் நிறம், உறுதி, தொட்டால் சுருங்கும் தன்மை, வெட்டினால் குருதி கசிதல் ஆகிய நான்கையும் பார்க்கிறார்கள். எலும்பு முனையைச் சிறிது சிறிதாகச் செதுக்கிக்கொண்டே போய், செந்நிறப் புள்ளிகளாகக் குருதி பொடிக்கும் இடத்தில் நிறுத்துகிறார்கள். இரக்கப்பட்டு விட்டுவைத்த இறந்த தசை நாளைக்குச் சீழாகிறது. பின்பு கழுவுதல். இதற்குச் சோப்பு நீர் சிறந்ததா, உப்பு நீர் சிறந்ததா, பீய்ச்சும் வேகம் எவ்வளவு என்ற பெரிய வழக்கு நெடுநாள் இருந்தது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் 2,400க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு வழக்கைத் தீர்த்தது. வேகத்தால் வேறுபாடில்லை, மறு அறுவை தேவைப்பட்டவர்கள் உப்பு நீரில் 100க்கு 11.6 பேர், சோப்பு நீரில் 14.8 பேர். விலையுயர்ந்த பீய்ச்சும் கருவி வேண்டியதில்லை. கம்பியில் தொங்கவிட்ட உப்புநீர்ப் புட்டி போதும் என்பது இதன் பொருள். ஏழைத் தாலுகா மருத்துவமனைகளுக்கு இது நல்ல செய்தியன்றோ?

இனி என் துறைக்கு வருகிறேன். முறிந்த எலும்பை அசையாமல் நிறுத்த உலோகம் வைக்கிறார்கள். உலோகத்தின் மேற்பரப்பை முதலில் யார் பிடிப்பது என்று நம் உடலின் உயிரணுக்களுக்கும் கிருமிகளுக்கும் ஒரு பந்தயம் நடக்கிறது. கிரிஸ்டினா என்னும் அறிஞர் 1987இல் இதைப் ‘பரப்புக்கான ஓட்டம்’ என்றே பெயரிட்டு அழைத்தார். கிருமி முந்திக்கொண்டால் அது தன்னைச் சுற்றிப் பசைபோன்ற ஒரு படலத்தை நெய்துகொள்கிறது. அப்படலத்துக்குள் இருக்கும் கிருமியைக் கொல்ல, தனித்து மிதக்கும் கிருமிக்கு வேண்டியதைப்போலப் பல நூறு மடங்கு மருந்து வேண்டும். அவ்வளவு மருந்தை மனித உடல் தாங்காது. எலும்புச் சீழ்நோய்க்குப் பெரும்பாலும் காரணமாகிற ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. எலும்புக்குள் அரை மைக்ரானுக்கும் குறைந்த அகலத்தில் நுண்கால்வாய்கள் ஓடுகின்றன. இக்கிருமியோ ஏறக்குறைய ஒரு மைக்ரான் பருமன். எலும்புச் சீழ் பிடித்த எலிகளை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, உருண்டையான கிருமி தன் உடலை ஒடுக்கிக்கொண்டு அக்கால்வாய்க்குள் நுழைந்து பெருகியிருந்ததைக் கண்டார்கள். 2017இல் இது வெளியாயிற்று. இருபது ஆண்டுகளுக்கு முன் ஆறிப்போன எலும்புச் சீழ் திடீரென்று மீண்டும் புறப்படுவது ஏன் என்ற பழைய புதிருக்கு இங்கே ஒரு விடை கிடைக்கிறது. ஆகவே சீழ் வந்தபின் மருந்து தேடுவதைவிட, படலம் நெய்வதற்கு முன் இடத்தைத் துப்புரவாக்குவதே வழி.

நிறுத்தும் முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாவுக்கட்டை ஆலந்து நாட்டு இராணுவ மருத்துவர் மத்தைசன் 1852இல் உலகுக்கு அறிவித்தார். திறந்த காயத்தின்மேல் அதைப் போட்டால் உள்ளே நடப்பது தெரியாது. ஜெர்மனியில் குண்ட்ஷர் 1939இல் எலும்பின் நடுக்குழியில் நீண்ட ஆணியைச் செலுத்தும் முறையைத் தொடங்கினார். இரு முனையிலும் குறுக்குத் திருகு பூட்டிய ஆணி இன்று கணைக்கால் முறிவுக்குப் பெருவழக்கு. காயம் மிகவும் அழுக்காயிருந்தால் உலோகத்தைக் காயத்துக்குள் வைக்காமல், முறிவுக்கு மேலும் கீழும் ஊசிகளைச் செலுத்தி வெளியே ஒரு சட்டத்தில் பூட்டுகிறார்கள். எதை எப்போது என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

எதை வைத்து நிறுத்தினாலும், எலும்பு திறந்து கிடக்கக்கூடாது. தோல் போன இடத்தில் தசையும் தோலும் சேர்ந்த ஒரு மடலை உடலின் வேறிடத்திலிருந்து கொண்டுவந்து மூட வேண்டும். யுகோசுலாவிய நாட்டு மார்க்கோ கோதினா 532 நோயாளிகளைப் பற்றி 1986இல் எழுதினார். 72 மணி நேரத்துக்குள் மடல் வைத்தவர்களில் சீழ் பிடித்தது 100க்கு 1.5 பேருக்கு, மூன்று நாளுக்குமேல் மூன்று மாதத்துக்குள் வைத்தவர்களில் 17.5 பேருக்கு. எலும்பு மருத்துவர் தம் வேலையை முடித்து, சில வாரம் கழித்துத் தோல் மருத்துவரை அழைக்கும் பழக்கத்துக்கு இந்தக் கணக்கு முற்றுப்புள்ளி வைத்திருக்க வேண்டும். பல இடங்களில் வைக்கவில்லை என்றே கேள்விப்படுகிறேன்.

வைத்த இடங்களுள் ஒன்று நமக்கு மிக அருகில், வாளையாற்றைத் தாண்டிய கோவையில் இருக்கிறது. 1978இல் தொடங்கிய கங்கா மருத்துவமனையில் உடன்பிறந்தார் இருவர் இரு துறைகளை நடத்துகின்றனர்: எலும்புக்கு மருத்துவர் இராஜசேகரன், ஒட்டறுவைக்கு மருத்துவர் இராஜா சபாபதி. முதல் நாள் துப்புரவு செய்யும் மேசையருகிலேயே இரு துறையினரும் நிற்பது அங்குள்ள முறை. அங்கிருந்து வந்த ஒரு கருவியைத்தான் இக்கட்டுரையின் நடுப்பொருளாகக் கருதுகிறேன். அது இரும்பாற் செய்ததன்று. ஒரு மதிப்பெண் பட்டியல்.

உலகம் முழுவதும் கஸ்டிலோவும் ஆண்டர்சனும் 1976இல் வகுத்து, 1984இல் விரித்த பிரிவு வழங்கிவந்தது. அதில் மடல் வைத்து மூட வேண்டிய முறிவெல்லாம் ‘மூன்று-ஆ’ என்ற ஒரே பெட்டியில் விழும். எளிதில் காக்கக்கூடிய காலும் காக்கவே இயலாத காலும் ஒரே பெட்டியில் கிடந்தால் மருத்துவர் எப்படி முடிவு செய்வார்? கோவை மருத்துவர்கள் 109 கணைக்கால் முறிவுகளில் சோதித்து 2006இல் வெளியிட்ட பட்டியலில் தோலுக்கு 1 முதல் 5, எலும்புக்கு 1 முதல் 5, தசை நாண் நரம்புகளுக்கு 1 முதல் 5 எனத் தனித்தனியே எண் தரப்படுகிறது. எண் ஏற ஏறச் சேதம் அதிகம். இவற்றோடு ஏழு துணைநிலைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 2 எண் கூடும்: 65க்கு மேற்பட்ட வயது, மருந்துண்ணும் நீரிழிவு அல்லது மயக்க மருந்துக்கு இடரான இதய நுரையீரல் நோய், மார்பிலோ வயிற்றிலோ பேரடி, குருதியழுத்தம் 90க்குக் கீழ் வீழ்தல், அதே காலில் வேறொரு பெருங்காயம், சாக்கடையோ தோட்டத்து மட்கோ கலந்த காயம், அடிபட்டு 12 மணி நேரத்துக்குமேல் கழித்துத் துப்புரவு. மொத்தம் 14 வரை இருந்தால் காலைக் காக்க முயலலாம்; 17உம் அதற்கு மேலும் இருந்தால் எடுப்பதே நலம்; 15, 16 என்பன ஐயத்துக்குரிய இடம்; அங்கே அனுபவம் மிக்க மருத்துவரின் முடிவு வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருவருக்கு ஒரே வகையான முறிவு: தோலுக்கு 3, எலும்புக்கு 4, தசைக்கு 4, ஆக 11. ஒருவர் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். பாலக்காட்டிலிருந்து கோவை ஏறக்குறைய 50 கிலோமீட்டர்; சமவெளிச் சாலை. உச்சிவேளையில் அடிபட்டால் விளக்கு வைக்குமுன் மேசைமேல் இருப்பார். அவருக்கு 11தான். மற்றவர் இடுக்கி மலைச்சரிவில் தேயிலைச் செடிகளுக்கிடையே விழுந்தவர். காயத்தில் மட்கும் சாணமும் கலந்துவிட்டன: 2. ஆட்கள் தொட்டில் கட்டிச் சுமந்து சாலைக்குக் கொண்டுவந்து, தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டி, ஜீப்பு தேடி, போடிமெட்டு வழியாகத் தேனிக்குப் போவதா, கோட்டயத்துக்குப் போவதா என்று உறவினர் கூடிப் பேசி, போய்ச் சேர்ந்து, அறுவைக்கூடம் ஒழியும்வரை காத்திருந்தால் 12 மணி நேரம் எளிதில் கடந்துவிடும்: இன்னும் 2. ஆக 15. ஒரே அடி, ஒரே எலும்பு; ஒருவர் கால் தெளிவாகக் காக்கத்தக்கது, மற்றவர் கால் ஐயத்துக்குரியது. நடுவில் நின்ற நான்கு எண்ணும் உடம்பிலிருந்து வந்தவை அல்ல. மண்ணிலிருந்தும் மலைப்பாதையிலிருந்தும் வந்தவை. அவருக்கு நீரிழிவும் இருந்தால் 17. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் மூணாறுக்குச் செல்லும் பாதைகள் துண்டிக்கப்பட்டதை நினைத்துக்கொண்டால், இந்த 12 மணி நேரம் வெறும் எண்ணாகத் தோன்றாது. தோட்டந்தோறும் மருத்துவ வசதி வேண்டுமென 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆனால் எந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியிலும் மடல் வைக்க இயலாது. அது செய்யக்கூடியது வேறு: முதல் எதிருயிர் ஊசி, நரம்பிசிவு ஊசி, உப்பு நீரில் நனைத்த துணி, பத்தை வைத்துக் கட்டு, உடனே வண்டி. முதல் ஊசிக்குக் கோவை வரை போக வேண்டியதில்லை அல்லவா?

லயங்களில் காயத்தில் காப்பித்தூள், மஞ்சள், சில வேளை கோழிக்குருதி வைப்பார்கள். மட்கு கலந்த காயத்தில் மேலும் மட்கு. வெளியே தெரியும் எலும்பை உள்ளே தள்ளுவதும் அவ்வாறே. வெளியிலிருந்த அழுக்கையும் சேர்த்துத் தள்ளுகிறோம். கைப்பேசியில் காயத்தை ஒரு முறை படமெடுத்துக்கொண்டு மூடிவிட்டால், பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் துணியைத் திறந்து காட்ட வேண்டிய தேவை இல்லை.

நாட்டு எலும்பு வைத்தியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுப் பக்கம் களரி மரபு வைத்தியர்கள் உண்டு. ஆந்திரத்துப் புத்தூர்க் கட்டின் பெயர் தமிழகமெங்கும் தெரியும். மூடிய, விலகாத முறிவுகளில் அவர்கள் கட்டிய கட்டில் எலும்பு கூடியதைப் பலர் கண்டிருக்கிறோம். அதை மறுப்பதில் பயனில்லை. ஆபத்து இறுக்கத்தில் இருக்கிறது. கணைக்காலில் தசைகள் விரியாத உறைகளுக்குள் நான்கு அறைகளாக அடைபட்டுள்ளன. அடிபட்ட தசை வீங்கும், உறை விரியாது, மேலே மூங்கிற்பத்தைக் கட்டும் இறுகினால் அழுத்தம் ஏறி நுண்குழாய்களில் குருதி நின்றுவிடும். ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் தசை மீளாத நிலைக்குப் போகிறது. இறுகிய கட்டால் கை சுருங்கிப்போவதை ஜெர்மானிய மருத்துவர் போல்க்மன் 1881இலேயே எழுதினார். இதன் முதல் அடையாளம், முறிவுக்குப் பொருந்தாத பெருவலி. கால்விரலை மெல்ல நீட்டினால் அலறும் வலி. அப்போதும் பாதத்தில் நாடி துடித்துக்கொண்டிருக்கலாம்; நாடி இருக்கிறதே என்று வாளாவிருப்பவர் காலை இழப்பார். கட்டை முழுவதும் அவிழ்க்க வேண்டும். அதிலும் தணியாவிட்டால் இருபுறமும் நீளக் கீறி நான்கு உறைகளையும் திறந்துவிடுவதே மருத்துவம். தோல் கிழிந்திருப்பதால் திறந்த முறிவில் இந்த அழுத்தம் வராது என்று எண்ணுவது பிழை. ஒரு விரற்கடைக் கிழிசல் நான்கு அறைகளையும் திறந்துவிடாது.

எல்லாம் நன்றாகச் செய்தும் எலும்பில் சில சென்டிமீட்டர் போய்விட்டால் என்ன செய்வது? 1951இல் சைபீரியப் பகுதியின் குர்கான் நகரில் காவ்ரீல் இலிசாரோவ் இதற்கு வழி கண்டார். காலைச் சுற்றி வளையங்கள். வளையத்திலிருந்து எலும்புக்குள் மெல்லிய இறுகிய கம்பிகள். நல்ல எலும்பை மற்றோரிடத்தில் கவனமாக வெட்டி, ஒரு வாரம் பொறுத்து, அத்துண்டை இடைவெளியை நோக்கி நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும். அதையும் ஒரே முறையில் அன்று, கால் மில்லிமீட்டராக நான்கு முறை. துண்டு நகர நகரப் பின்னால் புது எலும்பு முளைத்து நிரப்புகிறது. விரைந்தால் எலும்பு உண்டாகாது. தயங்கினால் முன்கூட்டியே ஒட்டிக்கொள்ளும். இத்தாலிய மலையேறி கார்லோ மௌரிக்கு 1980இல் கால் சீராக்கியபின்தான் மேலைநாட்டார் இதைக் கவனித்தனர். குறைகளும் உண்டு: கம்பி நுழையும் இடங்களில் சீழ், கணுக்கால் விறைப்பு, போய்ச் சேர்ந்த முனை ஒட்டாமை. எலும்பு நகர்வது சில வாரம். அது கெட்டிப்படுவதற்கு மாதங்கள்.

எங்கள் தோட்டத்தில் எனக்குப் பெரியம்மா முறையாகும் ஒருவர் இந்த வளையத்தோடு இருந்தார். நான்கு சென்டிமீட்டர் எலும்பு போயிருந்தது. நாற்பது நாள் நகர்த்தினார்கள். ஒவ்வொரு நாளும் திருகியவர் அவரேதான். காலையில் தோட்டத்துச் சங்கு ஊதும்போது முதல் திருகு, பகற்சங்குக்கு இரண்டாவது, வேலை விடும்போது மூன்றாவது, படுக்குமுன் நான்காவது. சுவரில் தொங்கிய நாட்காட்டியில் நாளுக்கு நான்கு கோடு. கம்பி நுழையும் துளைகளைக் கொதித்தாறிய உப்பு நீரால் மகள் துடைத்துவிடுவாள். பதினோராம் மாதம் வளையத்தைக் கழற்றினார்கள். கணுக்கால் முழுவதும் மடங்குவதில்லை. சரிவில் இறங்க இயலாது. இப்போது கொழுந்து நிறுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறார்.